மஞ்சள் கம்பியும் எர்த்தும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், முதலமடை ஊராட்சி. சுற்றிலும் மாந்தோப்புகள். அரசு அலுவலகத்துக் காகிதங்கள் மலையாளத்தில் வரும். பல வீடுகளில் பேச்சு கொங்குத் தமிழில் நடக்கும். இந்த ஊர்ச் சாலையோரத்தில் ஒற்றை அறைக் கடையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரேடியோவும் டி.வி.யும் பழுதுபார்த்து வருபவரிடம், ஒரு கோடை விடுமுறையில், இயற்பியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தி இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று, அவள் அண்ணன் சிறுவயதில் ஆடிய டி.வி. கேம் பெட்டி. மற்றொன்று, பாட்டி வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. அக்காள் மகன் விடுமுறைக்கு வருகிறான், எட்டு வயது. அவன் வருவதற்குள் இரண்டையும் இணைத்துவிட வேண்டும் என்பது அவள் விருப்பம்.

ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட எண்ணற்ற நகல்களுள் ஒன்று அந்தப் பெட்டி. 1990களில் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் இந்திய நகரங்களின் கடைகளுக்கு வந்து, பின் சிற்றூர்களுக்கும் பரவியவை இவை. அசல் கருவியைப் பார்க்காமலே ஒரு தலைமுறை அந்த ஆட்டங்களைக் கற்றது இவற்றின் வழியாகத்தான்.

மாணவி கொண்டுவந்த பெட்டியில் வெளியே செல்லும் வழி ஒன்றே ஒன்று: ஆன்டெனாச் செருகிக்கான துளை. அன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஆன்டெனா வாயில் தவிர வேறு வாயில் கிடையாது. ஆகவே ஆட்டப் பெட்டி தன்னை ஒரு சிறிய ஒளிபரப்பு நிலையமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே தகரக் கூட்டில் அடைத்த மாடுலேட்டர், படத்தையும் ஒலியையும் ஓர் அலைவரிசையின் மீது ஏற்றி அனுப்பும். தொலைக்காட்சியை அந்த அலைவரிசைக்குத் திருப்பினால் ஆட்டம் தெரியும். கூரையிலிருந்து இறங்கும் தட்டையான இரட்டைக் கம்பி 300 ஓம். பெட்டியிலிருந்து வரும் உருண்டைக் கம்பி 75 ஓம். இரண்டையும் பொருத்த ஒரு சிறு சுருள் மாற்றி வேண்டும். அது இல்லாமல் நேராக முறுக்கிக் கட்டிய வீடுகளில் மாரியோ புள்ளி மழையில் ஓடினான்.

இந்தப் பெட்டியின் மாடுலேட்டர் செத்துவிட்டது. மாணவி அதைத் தானே கண்டறிந்திருந்தாள். மாடுலேட்டருக்குள் நுழையும் முன்பே படமும் ஒலியும் தனித்தனியாக இருக்கின்றன என்பதும், அங்கிருந்தே அவற்றை எடுத்துக்கொண்டால் மாடுலேட்டர் தேவையில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று, சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி, மஞ்சளும் வெள்ளையும் செருகிகள் கொண்ட கம்பி ஆகியவற்றைப் பொள்ளாச்சியில் வாங்கி, காகிதத்தில் சுற்றுப்படமும் வரைந்து வந்திருந்தாள். தொலைக்காட்சியின் உள்ளே படச் சமிக்ஞை எங்கே ஓடுகிறதோ அங்கே ஒரு கம்பியும், ஒலி ஓடும் இடத்தில் மற்றொரு கம்பியும் இழுத்து, பின்புறத்தில் ஏ.வி. சாக்கெட் பொருத்தித் தர வேண்டும் என்பதே அவள் கேட்டது.

மெக்கானிக் படத்தைப் பார்த்தார். கேம் பெட்டிக்கு அவள் வரைந்திருந்தது சரிதான் என்றார். தொலைக்காட்சியின் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டிக்கு ஆகாது கண்ணு" என்றார்.

"ஏனுங் மாமா, ரெண்டு கம்பியும் ஒரு எர்த்தும் தானுங்க?"

"அந்த எர்த்துலதான் வம்பே."

அவர் தொலைக்காட்சியை மின்சாரத்தில் செருகி, டெஸ்டரின் முனையை உள்ளிருந்த உலோகச் சட்டத்தில் வைத்தார். டெஸ்டர் எரியவில்லை. மாணவியின் முகத்தில் கேள்வி எழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு முள் பிளக்கைப் பிடுங்கி, திருப்பிச் செருகி, மீண்டும் அதே இடத்தில் முனையை வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு நின்று எரிந்தது.

மின்னணுவியல் பாடநூலில் 'எர்த்' என்பது அடியில் கோடுகள் குறுகிச் செல்லும் ஒரு குறி. சுற்றின் எல்லா அளவுகளும் அதை ஒப்பிட்டே சொல்லப்படுகின்றன. அதன் மதிப்பு எப்போதும் சுழி. ஆனால் அந்தச் சுழி அந்தச் சுற்றுக்கு மட்டும் உரியது. தரையில் நிற்பவரின் காலுக்கு அது எத்தனை வோல்ட் என்பதைக் குறி சொல்வதில்லை. பழைய தொலைக்காட்சிகள் சிலவற்றில் செலவையும் எடையையும் குறைக்க, மின்வழங்கலைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டார்கள். வீட்டு மின்சாரத்தின் இரு கம்பிகளுள் ஒன்று நேராகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்குக்குத் தலைகீழ் என்பதே கிடையாது. ஒரு பக்கமாகச் செருகினால் சட்டம் நியூட்ரலில் நிற்கும். மறுபக்கமாகச் செருகினால் 230 வோல்ட்டில் நிற்கும். இரு முறையும் படம் ஒரே மாதிரி தெளிவாகத் தெரியும். வெளியே நெகிழிக் கூடும் நெகிழிக் குமிழ்களும் இருப்பதால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

அப்படியானால் அதே தொலைக்காட்சியின் ஆன்டெனா வாயிலைத் தொடுபவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அந்த வாயிலுக்கும் சட்டத்துக்கும் இடையே உயர் மின்னழுத்தம் தாங்கும் சிறு மின்தேக்கிகள் உண்டு. கோடிக்கணக்கான அதிர்வுகள் கொண்ட ஒளிபரப்பு அலை அவற்றைத் தடையின்றிக் கடக்கும். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்கு அவை ஏறக்குறைய மூடிய கதவு. ஏ.வி. சாக்கெட் வைப்பது அந்தக் கதவைச் சுற்றிச் சுவரை உடைத்து வேறு வழி திறப்பதற்குச் சமம். மஞ்சள் செருகியின் நடுமுனை படத்தைக் கொண்டுசெல்லும். அதன் வெளிவளையமோ சட்டத்தைக் கொண்டுசெல்லும். வளையத்திலிருந்து கம்பியின் உறைவலைக்கும், அங்கிருந்து ஆட்டப் பெட்டியின் எர்த்துக்கும் அது வந்து சேரும். பிளக் திரும்பியிருக்கும் நாளில், சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து கழன்ற செருகியை மீண்டும் சொருகப் போகும் எட்டு வயதுக் குழந்தையின் விரல், முதலில் தொடுவது அந்த வளையத்தைத்தான்.

மாணவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுற்றிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் வைத்தால் என்ன என்று கேட்டாள். கேள்வி சரியானது, மெக்கானிக்கும் அதை ஒப்புக்கொண்டார்.

"வெக்கலாம் அம்மிணி. நீ இருக்கற வரைக்கும் அது இருக்கும். நாளைக்கு வேறொருத்தரு வந்து, இது என்ன கனமா இருக்குதுன்னு கழட்டி வெச்சுட்டு, நேராச் செவுத்துல செருகுவாங்க."

ஒரு சுற்று சரியா என்பதும், அந்தச் சுற்றோடு ஒரு வீடு பாதுகாப்பாக வாழுமா என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கான பயிற்சியை வகுப்பறை தருகிறது. இரண்டாவது கேள்வி, பிறர் செய்த வேலையைத் திறந்து பார்த்தே ஆயுளைக் கழித்தவர்களிடம் தங்கியிருக்கிறது.

வேறு தொலைக்காட்சி வேண்டும் என்றானது. அது எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகள் சென்றன. சாலையின் இந்தப் பக்கம் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவை கிடைக்கவில்லை. அவர்களின் ரேஷன் அட்டை கேரளத்தினுடையது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது விழுந்த கோடு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எந்த வீட்டில் வண்ணப் படம் தெரியும் என்பதையும் தீர்மானித்தது. மாணவியின் அத்தை வீடு அந்தப் பக்கம். தட்டைத் தொலைக்காட்சி வந்தபின் அரசுப் பெட்டி பரணில் இருந்தது. "புள்ளைக்குத் தானே, லீவு முடியறவரைக்கும் வெச்சுக்க" என்று அத்தை கொடுத்தார். மடியில் போர்வை சுற்றிய பெட்டியோடு இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அவள் எல்லையைக் கடந்து வந்தாள்.

கடையில் மெக்கானிக் முதலில் செய்தது அதே சோதனை. பிளக்கை இருபுறமும் திருப்பிச் செருகி, டெஸ்டரை ஏ.வி. சாக்கெட்டின் வெளிவளையத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் முள்களுக்கும் வளையத்துக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தார். தொழிற்சாலையே ஏ.வி. வாயில் வைத்த பெட்டியில் மின்வழங்கல் பிரிக்கப்பட்டுத்தான் இருக்கும்; எனினும் இடையில் யார் கை வைத்தார்கள் என்பது தெரியாதல்லவா? சோதனை தேறிய பிறகே ஈயம் வைக்கும் வேலை தொடங்கியது.

டிரான்சிஸ்டரை எமிட்டர் வழி வெளியீடாக இணைத்தார்கள். ஆட்டப் பெட்டியின் சில்லிலிருந்து வரும் படச் சமிக்ஞைக்கு வலிமை குறைவு. நேராகத் தொலைக்காட்சியில் மாட்டினால் அந்தச் சுமையில் அது சரிந்துவிடும். எமிட்டர் இணைப்பு மின்னழுத்தத்தைப் பெருக்குவதில்லை. சுமையை இழுக்கும் மின்னோட்டத்தைத் தருகிறது. மாணவி ஆர்வத்தில், வெளியீட்டில் வர வேண்டிய 75 ஓம் மின்தடையை முதல் முறை விட்டுவிட்டாள். படம் வந்தது, ஆனால் வெள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, மேகமும் வானமும் பிரியவில்லை. தொலைக்காட்சியின் உள்ளேயும் ஒரு 75 ஓம் இருக்கிறது. அனுப்புபவரிடம் ஒன்று, பெறுபவரிடம் ஒன்று என்று இருந்தால்தான் சமிக்ஞை பாதியாகி, உச்சிக்கு உச்சி 1 வோல்ட் என்ற வழக்கமான அளவில் வந்து நிற்கும். ஒரே படத்தைப் பிரித்து இரண்டு தொலைக்காட்சிகளில் மாட்டினால் இரண்டும் மங்குவதும் இதே கணக்கால்தான்: இரண்டு 75 ஓம் இணையாகச் சேர்ந்து 37.5 ஆகி, 1 வோல்ட்டுக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கே எஞ்சும்.

மின்தேக்கியிலும் ஒரு பாடம் இருந்தது. நேர்மின்னோட்டத்தைத் தடுக்கத்தானே என்று கையில் இருந்த 10 மைக்ரோஃபாரட்டை அவள் வைத்திருந்தாள். மொத்தம் 150 ஓம் சுமையில் அது ஏறக்குறைய 106 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றைத் தேய்க்கத் தொடங்கும். ஒரு நொடிக்கு 50 முறை வரையப்படும் படத்தில், மேலிருந்து கீழ் வரையிலான வெளிச்சம் அந்தத் தாழ்ந்த அதிர்வுகளில்தான் இருக்கிறது. திரை மேலே ஒரு நிறமாகவும் கீழே வேறு நிறமாகவும் சாய்ந்தது. 220 மைக்ரோஃபாரட் வைத்ததும் எல்லை 5 ஹெர்ட்ஸ் அருகே இறங்கி, வானம் முழுதும் ஒரே நீலமானது. வகுப்பில் பலமுறை எழுதிய சூத்திரம் அது. அது கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளாக அவள் முன் நின்றது அன்றுதான்.

அடுத்த வம்பு கம்பியில் வந்தது. ஆட்டப் பெட்டியின் பின்புறத்தில் இரண்டு பெரிய துளைகள் இட மனமில்லாமல், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து ஒரே 3.5 மி.மீ. சாக்கெட்டை அவள் வைத்திருந்தாள். ஒரு முனையில் நான்கு வளையச் சிறு செருகியும் மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்புச் செருகிகளும் கொண்ட ஆயத்தக் கம்பி கடைகளில் கிடைக்கும். அதைச் செருகியபோது படமே இல்லை. ஒலிபெருக்கி மட்டும் கரகரவென்று உறுமியது. சுற்றில் பிழை என்று எண்ணி ஈயத்தை உருக்கப் போனவளைத் தடுத்து, மெக்கானிக் மல்டிமீட்டரை ஒலியெழுப்பும் நிலையில் வைத்து, ஒவ்வொரு வளையமும் எந்தச் செருகியில் போய் முடிகிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கம்பியில் எர்த் இருந்த இடம், அவள் எர்த் வைத்திருந்த இடம் அல்ல. இவ்வகைக் கம்பிகளில் வளையங்களின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். உருவம் ஒன்றே, துளையில் கச்சிதமாகப் பொருந்தும், நிறங்களும் அவையே. உள்ளே மட்டும் வேறு. சாக்கெட்டில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினார்கள். படம் வந்தது.

மஞ்சள் என்றால் படம், வெள்ளை இடப்புற ஒலி, சிவப்பு வலப்புற ஒலி என்பது ஒரு வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் வர்ணம் பூசியவர் ஒருவர், கம்பி இழுத்தவர் வேறொருவர். பிந்திய கருவிகளில் மூன்று நிறங்களாகப் படத்தைப் பிரித்தனுப்பும் கம்பிகளில் ஒரு சிவப்புப் படத்துக்கும் மற்றொரு சிவப்பு ஒலிக்கும் உண்டு. இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டு டி.வி. கெட்டுவிட்டது என்று தூக்கிவந்தவர்கள் உண்டு. மெக்கானிக்குக்கு நிறங்களின் மீது வெறுப்பில்லை. அவற்றை அவர் சாட்சியாக ஏற்பதில்லை, அவ்வளவே.

கடைசியாக ஒலி. ஆட்டம் நடக்கும்போது பின்னணியில் ஓர் இரைச்சல். திரை கறுப்பாகும்போது அது அடங்கியது. வெள்ளை எழுத்துகள் நிறைந்தபோது பெருகியது. அதைக் கேட்ட மாத்திரத்தில் அவர் காரணம் சொன்னார்: படத்தோடு கூடிக் குறையும் இரைச்சல் படக் கம்பியிலிருந்து ஒலிக் கம்பிக்குக் கசிவது, எதைக் காட்டினாலும் மாறாமல் இருக்கும் உறுமலாயிருந்தால் எர்த்தில் தேட வேண்டும். பெட்டிக்குள் இரண்டு கம்பிகளும் பின்னல்போலச் சுற்றிக் கிடந்தன. பிரித்து, ஒலிக்கு உறைவலை உள்ள கம்பி போட்டு, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் இணைத்ததும் இரைச்சல் ஏறக்குறைய மறைந்தது.

சிறுவன் வந்தான். பெட்டியோடு கிடந்த பிளாஸ்டிக் துப்பாக்கியைத்தான் முதலில் எடுத்தான். அது சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். வரும் படத்தை வாங்கி, கணக்கிட்டு, சற்றுத் தாமதித்துக் காட்டும் இன்றைய தட்டைத் திரைகளில் அந்தக் கணம் தவறிவிடும். படம் வரும்போதே வரைந்துவிடும் பழைய கண்ணாடிக் குழாயில்தான் அது நடக்கும். பரணில் கிடந்த 14 அங்குல அரசுப் பெட்டிக்கு, அத்தை வீட்டின் பெரிய திரையால் செய்ய முடியாத வேலை ஒன்று மிச்சமிருந்தது. முதல் வாத்து விழுந்தபோது சிறுவன் போட்ட கூச்சலுக்குத் தெருவிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் திண்ணைக்கு வந்துவிட்டார்கள்.

ஆய்வேடுகளில் முறையியல் என்றோர் இயல் உண்டு. எந்தக் கருவி, எந்த அளவு, எந்த வரிசை என்றெல்லாம் அதில் எழுதப்படும். பிளக்கை ஏன் இருமுறை திருப்பிச் செருகிப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதில் இடம்பெறாது. அது எழுதியவருக்கு மறந்துபோயிருக்கும், அல்லது அருகில் நின்ற உதவியாளருக்கு மட்டும் தெரிந்திருக்கும். இந்த மெக்கானிக்கின் மேசையில் குறிப்பேடு எதுவும் இல்லை. அவரிடம் தொழில் கற்க இப்போது யாரும் வருவதில்லை. பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்றான பிறகு வருவதற்குக் காரணமும் இல்லை. குழாய்த் தொலைக்காட்சிகள் பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து, அவற்றை எங்கே தொடக் கூடாது என்ற அறிவும் போகிறது. ஆனால் பரணில் இன்னும் சில மிச்சம் இருக்கும். பழைய ஆட்டங்களின் மீது ஆசை கொண்ட இளைஞர்கள் அவற்றை இறக்கித் திறப்பார்கள். சுற்றுப்படம் அவர்களுக்கு எங்கும் கிடைக்கும். டெஸ்டரைத் திருப்பிக் காட்ட ஆள் கிடைக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து தொலைக்காட்சி மீண்டும் எல்லையைக் கடந்து அத்தை வீட்டுக்குப் போனது. ஆட்டப் பெட்டியை மூடுவதற்கு முன், மாணவி ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வளையங்களின் வரிசையை வரைந்து, தேதி இட்டு, மூடியின் உட்புறம் ஒட்டினாள். கீழே தமிழில் ஒரு வரியும், அதையே மலையாளத்தில் ஒரு வரியும் எழுதினாள். 'ஏ.வி. வாயில் இல்லாத பழைய டி.வி.யில் கம்பி இழுத்து இதை இணைக்காதீர்கள். அதன் எர்த் எர்த் அல்ல.' மெக்கானிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு வரிகளையும் படித்தார். பிறகு பாட்டியின் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை மேசைக்கு இழுத்து, அதன் பின்மூடிக்கும் அதே போல ஒன்று எழுதித் தரச் சொன்னார்.